உலகமயச் சூழலில் விளிம்புநிலை மக்களின் பண்பாட்டை ஆராய்தல்: தங்கவயலிலிருந்து சில குறிப்புகள்

(கோலார் தங்கவயல், ஆண்டர்சன்பேட்டையில் கட்சி உறுப்பினர்களின் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு நீளமானது: உலகமயச் சூழலில் விளிம்புநிலை மக்களின் பண்பாட்டை ஆராய்தல். நான் ஆய்வாளன் அல்லன். தமிழ் முதுகலை பயின்றவன். கட்சியின் ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்கும் பணியில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இருப்பவன். ஆகவே, மொழிபெயர்ப்பாளனுக்குப் பழக்கமான இடத்திலிருந்து, அதாவது ஒரு சொல்லிலிருந்து தொடங்க அனுமதிக்க வேண்டுகிறேன்.

"விளிம்புநிலை" என்னும் சொல்லை நம் ஆவணங்களில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. 1990களில் தலித் எழுத்தும் சிறுபத்திரிகை விவாதங்களும் வலுப்பெற்றபோது தமிழில் பரவிய சொல் அது. எழுதும்போதெல்லாம் ஓர் உறுத்தல் இருந்துவந்தது. விளிம்பு என்றால் எதனுடைய விளிம்பு? அந்தோனியோ கிராம்சி முசோலினியின் கைதியாக இருந்து எழுதிய குறிப்பேடுகளுள் இருபத்தைந்தாவது, அடித்தள மக்கள் குழுக்களின் வரலாற்றைப் பற்றியது. 1934இல் தொடங்கப்பெற்ற அந்தக் குறிப்பேட்டுக்கு அவர் இட்ட தலைப்பின் பொருள் "வரலாற்றின் விளிம்புகளில்" என்பது. மக்களின் விளிம்பு என்று அவர் எழுதவில்லை. வரலாற்றின் விளிம்பு என்று எழுதினார். ஏடு எழுதுகிறவர் பக்கத்தின் நடுவே எதை வைக்கிறார், ஓரத்துக்கு எதைத் தள்ளுகிறார் என்பதே அங்கே கேள்வி. அடித்தள மக்கள் தாமாக முன்முயன்று செய்த செயல் ஒவ்வொன்றின் தடயமும், அது எவ்வளவு சிறியதாயினும், வரலாற்று ஆசிரியனுக்கு விலைமதிப்பற்றது என்பது அந்தக் குறிப்பேட்டின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று.

இதைத் தங்கவயலில் நின்று சொல்லும்போது கூடுதலாக விளக்க வேண்டியதில்லை. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குள்ள சுரங்கங்களின் நிர்வாகத்தை ஏற்றது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளின் சேரிகளிலிருந்து, பஞ்சத்துக்கும் பண்ணையாரின் பிடிக்கும் தப்பி வந்தவர்களே பாறையைக் குடைந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். சாம்பியன் ரீப் சுரங்கம் நிலமட்டத்துக்குக் கீழே மூன்று கிலோமீட்டரையும் தாண்டிச் சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக இருந்தது. 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் இங்கே வந்து சேர்ந்தது. பெங்களூரின் தெருக்களுக்கு அது போனது அதன் பின்னர்தான். நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் இம்மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. மூலதனத்தின் கணக்கில் இது விளிம்பன்று; இலண்டன் பங்குச் சந்தை கண்கொட்டாமல் பார்த்திருந்த மையம். அந்த மையத்தின் அடியாழத்தில் நின்று துளைக்கருவி பிடித்தவனை நாம் விளிம்புநிலையினன் என்கிறோம்.

இந்த மண் ஆராயப்படாத மண்ணும் அன்று. 1965இல் சாம்பியன் ரீபின் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் துகளின் தடயத்தை விஞ்ஞானிகள் பதிவு செய்தனர். மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனம், சப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் கூடி நடத்திய சோதனை அது. இயற்பியல் வரலாற்றில் தங்கவயலின் பெயர் நிலைத்துவிட்டது. ஆழத்தில் அழுத்தம் தாளாமல் பாறை வெடிப்பதைப் பற்றி இங்கே தொடர்ந்து ஆராய்ந்தார்கள். பாறை இயக்கவியலுக்கென ஒரு தேசிய நிறுவனமே 1988இல் இவ்வூரில் அமைந்தது. தொழிலாளியின் நுரையீரலையும் ஆராய்ந்தார்கள். 1940களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்தபோது நாற்பது விழுக்காட்டுக்கும் அதிகமானோர்க்குச் சிலிக்கோசிஸ் கண்டிருந்தது. இந்தியாவில் தொழில்நோய் பற்றிய ஆய்வுகளுள் அது முன்னோடியானது.

துகள், பாறை, நுரையீரல் மூன்றும் ஆராயப்பட்டன. இந்த மனிதர்கள் மேலே ஏறி வந்தபின் என்ன படித்தார்கள், எதை அச்சிட்டார்கள், தம்மைப் பற்றி என்ன எண்ணினார்கள் என்று நெடுங்காலம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வியப்பான விடை கிடைத்திருக்கும். ஆய்வாளர்கள் வந்து தம்மை ஆராயட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தாமே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள்.

தோழர்களுள் பலர் அறிந்த செய்திதான். எனினும் வரிசையாகச் சொல்கிறேன். 1907 சூன் மாதத்தில் அயோத்திதாச பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து "ஒரு பைசாத் தமிழன்" இதழைத் தொடங்கினார். ஓராண்டில் அது "தமிழன்" ஆயிற்று. அதே காலத்தில் மாரிகுப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை அமைந்தது. வாசகரும் சந்தாவும் எழுத்தும் பெருமளவில் தங்கவயலிலிருந்து சென்றன. 1914இல் பண்டிதர் மறைந்தார். இதழ் சில காலம் தொடர்ந்து, பின் நின்றது. 1926இல் ஜி.அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே மீண்டும் எழுந்து 1934 வரை வந்தது. சாம்பியன் ரீபில் சித்தார்த்தா புத்தகசாலை என்றொரு பதிப்பகம் இருந்தது. பண்டிதரின் சிறுநூல்களை அது திரும்பத் திரும்ப அச்சிட்டது.

அந்நூல்களின் தலைப்புகளைக் கேளுங்கள்: "இந்திரர் தேச சரித்திரம்", "அரிச்சந்திரனின் பொய்கள்", "நந்தன் சரித்திர தந்திரம்", "விபூதி ஆராய்ச்சி", "கபாலீசன் சரித்திர ஆராய்ச்சி". ஆராய்ச்சி என்னும் சொல் அட்டையிலேயே நிற்கிறது. நந்தன் கதையைக் கேட்டுக் கண்ணீர் விடுவதற்கு மாறாக, அந்தக் கதையை யார் எதற்காகச் செய்தார்கள் என்று கேட்கும் நூல், தங்கச் சுரங்கக் குடியிருப்பில் விற்பனைக்கு இருந்திருக்கிறது. தட்டிச் சுவரும் தாழ்ந்த கூரையுமான லைன் வீட்டில் வாழ்ந்த தொழிலாளி தன் கூலியில் காசு ஒதுக்கி அதை வாங்கினான்.

பண்டிதரின் ஆய்வு முறை குறித்து ஒரு வார்த்தை. நிகண்டுகள், ஏட்டுச்சுவடிகள், சித்த மருத்துவக் குறிப்புகள், பழமொழிகள், பண்டிகை வழக்கங்கள், வாய்மொழிக் கதைகள் ஆகிய எல்லாவற்றையும் அவர் சான்றாகக் கொண்டார். தீண்டத்தகாதோர் எனப்படுவோர் முன்பு பௌத்தராக இருந்தவர். சாதிகளைக் கற்பித்தவர்களே அவர்களைத் தாழ்த்தினர் என்பது அவர் நிறுவ முயன்ற முடிவு. அவருடைய சொற்பிறப்பு விளக்கங்கள் பலவற்றை இன்றைய மொழியியல் ஏற்காது. தமிழ் படித்தவன் என்ற முறையில் நானும் பல இடங்களில் ஏற்கமாட்டேன். ஆனால் அவர் செய்த வேறொன்று இருக்கிறது. பெயர் வைக்கும் உரிமையை எதிராளியிடம் விட்டுவைக்க அவர் மறுத்தார். "சாதிபேதமற்ற திராவிடர்" என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதியுங்கள் என்றார். "பூர்வ பௌத்தர்" என்று எழுதினார். இந்த இரண்டு பெயர்களிலும் "விளிம்பு" என்ற எண்ணத்துக்கே இடமில்லை. தாங்களே மூலக்குடிகள், பிறர் பின்வந்தவர் என்பது அவற்றின் தொனி. நூறாண்டுக்குப் பின்னர் நாம் அவர்களை மீண்டும் விளிம்புக்கு மொழிபெயர்த்திருக்கிறோம். அந்த மொழிபெயர்ப்புப் பிழையில் எனக்கும் பங்குண்டு.

முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் முதுகலை படித்தபோது இதழியல் வரலாறு ஒரு பாடம். சுதேசமித்திரன் உண்டு, இந்தியா உண்டு, குடியரசு கூட உண்டு, தமிழன் இல்லை. எங்கள் பேராசிரியர்களுக்கு அவ்விதழைக் கண்ணால் காணும் வாய்ப்பே இருந்ததா என்பது ஐயம். அந்த இதழ்கள் எங்கே இருந்தன? தொழிலாளர் வீடுகளிலும், தனியார் சேகரிப்புகளிலும் இருந்தன. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் வாழ்நாள் முழுவதும் தேடிச் சேர்த்துக் காப்பாற்றினார்கள். ஞான.அலாய்சியஸ் அவற்றைத் தேடித் தொகுத்து, 1999இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் "அயோத்திதாசர் சிந்தனைகள்" முதலிரு தொகுதிகளை வெளியிட்டது. அதற்குப் பிறகே ராஜ் கௌதமன், டி.தருமராஜ், ஸ்டாலின் ராஜாங்கம் முதலியோரின் நூல்கள் வந்தன. தமிழ் அறிவுலகின் நவீன காலம் எங்கே தொடங்குகிறது என்னும் கணக்கே மாறிற்று. வீடுகளில் அந்தத் தாள்கள் காப்பாற்றப்படாமல் இருந்திருந்தால் இவற்றுள் எதுவும் எழுதப்பட்டிருக்க முடியாது.

இனி நம்மைப் பற்றி. நம் இயக்கத்தார் எழுதிய தங்கவயல் வரலாறுகளில் வேலைநிறுத்தங்கள் இருக்கின்றன. 1946 நவம்பரில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானோரின் தியாகம் இருக்கிறது. 1952இல் மைசூர்ச் சட்டமன்றத்துக்குக் கம்யூனிஸ்டாகத் தேர்வான தோழர் கே.எஸ்.வாசன் இருக்கிறார். இருக்க வேண்டியவையே. சித்தார்த்தா புத்தகசாலையோ அவற்றில் அநேகமாக இல்லை. ஏன்? காரணங்களை ஊகிப்பது கடினமன்று. பண்டிதர் பிரித்தானிய ஆட்சியைப் போற்றியவர். அவர் இயக்கம் மதத்தின் மொழியில் பேசியது. வர்க்க ஒற்றுமை என்னும் நம் அளவுகோலுக்குள் அது அடங்கவில்லை. பின்னாளில் ரிபப்ளிகன் கட்சியின் சி.எம்.ஆறுமுகம் போன்றோர் இங்கே வலுப்பெற்றபோது, தொழிற்சங்கப் போட்டியும் தேர்தல் போட்டியும் சேர்ந்துகொண்டன. எதிர்முகாமின் முன்னோர்களைப் படிப்பதற்கு யாருக்கு நேரம்?

இந்தக் காரணங்களுள் முதலாவது உண்மையானது. அதை மழுப்பக் கூடாது. ஆனால் சேரியில் பிறந்தவனுக்குப் பண்ணையாரிடமிருந்து விடுபட அக்காலத்தில் கிடைத்த வழிகள் எவை என்று கேட்காமல் அவன் அரசியலை மதிப்பிடுவது இயங்கியல் ஆகாது. மதம் பற்றிய தயக்கத்துக்கோ நம் சொந்த வரலாறே விடை சொல்கிறது. 1923இல் சென்னையில் மே தினக் கொடியேற்றிய சிங்காரவேலர், அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்னரே மகாபோதி சங்கக் கூட்டங்களைத் தம் வீட்டில் நடத்தியவர். அயோத்திதாசரும் பேராசிரியர் இலட்சுமி நரசுவும் உலவிய பௌத்த வட்டத்தில் தாமும் உலவியவர். தென்னிந்தியாவின் முதல் கம்யூனிஸ்டு பௌத்தத்தின் வழியே பொருள்முதல்வாதத்துக்கு வந்தார் என்று சொன்னால் அது மிகையாகாது. பின்னாளில் அப்பாதுரையாரின் தமிழனும் சுயமரியாதை இயக்கத்தோடு நெருங்கிற்று. நாம் பார்க்காமல் விட்டது பகைவரின் முகாமை அன்று. நம் வீட்டின் மற்றோர் அறையை.

பண்பாட்டை அறியாமல் வர்க்கப் போராட்டத்தைக்கூடப் புரிந்துகொள்ள இயலாது என்பதற்கு இவ்வூரிலேயே ஒரு சான்று உண்டு. 1930இல் இங்கே நடந்த பெரிய வேலைநிறுத்தத்தை நினைவுகூருங்கள். கூலி உயர்வுக்காக அது வெடிக்கவில்லை. தொழிலாளர் அனைவரும் பதிவு அலுவலகத்தில் கைரேகை வைக்க வேண்டும் என்னும் உத்தரவே அதைத் தூண்டிற்று. முறையான சங்கம் எதுவும் இல்லாத காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். கைரேகைக்கு ஏன் இவ்வளவு சினம்? பொருளாதாரக் காரணம் ஒன்றுண்டு: ஒரு சுரங்கத்தில் நீக்கப்பட்டவன் வேறு பெயரில் இன்னொரு சுரங்கத்தில் சேரும் வழி அதனால் அடைபடும். அதற்கு மேலும் ஒன்றுண்டு: கைரேகை என்பது குற்றப் பரம்பரையினர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களிடம் போலீசு வாங்குவது. சேரியை விட்டு வந்து, தன்னைப் பூர்வ பௌத்தன் என்று எழுதிக்கொண்டு, சொந்தமாக இதழ் வாங்கிப் படித்த ஒரு சமூகத்தின் கட்டைவிரலைக் கம்பெனி மைக்குள் அமுக்கப் பார்த்தது. ஜானகி நாயர் மைசூர்த் தொழிலாளர் பற்றி 1998இல் வெளியிட்ட நூலில் இந்த வேலைநிறுத்தத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தமிழில் அந்நூல் முழுமையாக வர வேண்டும். அந்தப் பணியைத் தட்டிக்கழித்தவர்களுள் நானும் ஒருவன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ரேஷன் கடையில் விரல் பதியவில்லை என்று அரிசி மறுக்கப்படும் இந்நாளில் 1930ஐப் படிப்பது பழங்கதை படிப்பதாகாது.

உலகமயம் இங்கே எவ்வாறு வந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது; 1962இல் மத்திய அரசுக்கு மாறியது; 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆயிற்று. 1990இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தாராளமயம் வந்தது. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான டன் தங்கத்தை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு, தன் தங்கச் சுரங்கத்தை நட்டம் என்று 2001 பிப்ரவரி 28 அன்று மூடியது. பின்னர் "உலகளாவிய டெண்டர்" என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறிற்று. நிலுவைத் தொகைக்கும் வீட்டுரிமைக்கும் முன்னாள் தொழிலாளர் அலைந்தனர். அவர்கள் பிள்ளைகள் விடியுமுன் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் பெங்களூர் சென்று, காவலாளியாகவும் விற்பனையாளராகவும் கணினி நிறுவனங்களின் துப்புரவாளராகவும், சிலர் அவற்றின் பொறியாளராகவும் வேலை செய்து இருட்டியபின் திரும்புகின்றனர். 2024இல் மாநில அமைச்சரவை, பதின்மூன்று சயனைடு மேடுகளில் எஞ்சியிருக்கும் தங்கத்தை மீண்டும் பிரித்தெடுக்கும் திட்டத்துக்கு இசைவளித்தது. ஒருமுறை அரைத்துக் கொட்டிய மண்ணுக்கும் இன்று விலை உண்டு.

அந்த மேட்டுக்கு இன்னொரு விலையும் வந்தது. 2018இலும் 2022இலும் வெளிவந்து உலகமெங்கும் ஓடிய இரண்டு கன்னடத் திரைப்படங்களின் பெயரே நம் ஊரின் பெயர்தான். முதற்படத்தின் காட்சிகள் நம் சயனைடு மேட்டிலேயே எடுக்கப்பட்டன. அப்படங்களில் தங்கச் சுரங்கம் ஒரு கொள்ளைக் குடும்பத்தின் தனிச் சொத்து. தொழிலாளர் பெயரற்ற அடிமைகள். அவர்களை மீட்க வெளியிலிருந்து ஒரு வீரன் வருகிறான். கதை நிகழ்வதாகக் காட்டப்படும் 1970களில் இது பொதுத்துறை நிறுவனம், சங்கங்கள் இருந்தன, தொழிலாளரின் வாக்கில் சட்டமன்ற உறுப்பினர்கள் வென்றார்கள். கற்பனைக் கதைக்கு வரலாறு தேவையா என்று கேட்கலாம். கதை கற்பனை என்றால் பெயரும் கற்பனையாக இருந்திருக்கலாமே. தங்கவயல் எது என்று உலகில் கோடிக்கணக்கானோர் இப்போது அந்தப் படத்தின் வழியே மட்டும் அறிகின்றனர். உலகமயம் பண்பாட்டை ஒழித்துவிடுவதில்லை. அதன் பெயரை எடுத்துக்கொண்டு ஆளை நீக்கிவிடுகிறது.

2024இல் வந்த பா.இரஞ்சித்தின் "தங்கலான்" அதற்கு ஒருவகை மறுமொழி. வட ஆர்க்காட்டு மக்களே இத்தங்கத்தின் முன்னோடிகள் என்று அது சொன்னது, புத்தரையும் நினைவூட்டியது. வரவேற்கிறேன். எனினும் ஒரு குறை. அந்தப் படம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொன்மத்தில் நின்றுவிடுகிறது. மந்திரமும் கனவும் உள்ள மூதாதையைக் காட்டுவது எளிது. ஷிப்டு முடிந்து வந்து அச்சுப்பிழை திருத்திய தொழிலாளியை எந்தப் படமும் இதுவரை காட்டவில்லை.

கல்விப்புலத்திலும் இதே சாய்வைக் காண்கிறேன். விளிம்புநிலைப் பண்பாடு என்றாலே பறை, கூத்து, ஒப்பாரி, அம்மன் திருவிழா என்று திட்டம் போடுகிறார்கள், நிதி வருகிறது, ஒலிப்பதிவு செய்து எடுத்துப் போகிறார்கள். அவற்றின் பெருமையைக் குறைத்துச் சொல்லவில்லை. நம் தோழர் நா.வானமாமலை 1960களிலேயே நாட்டுப்பாடல்களைத் தொகுத்து அதற்கு வழிகாட்டியவர். 1969இல் அவர் தொடங்கிய இதழின் பெயரும் "ஆராய்ச்சி" என்பதே. ஆனால் அவர் செய்ததற்கும் இன்று நடப்பதற்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. பாடல்களைத் தேடுவதில் அவருக்கு ஆசிரியர்களும் தோழர்களும் துணை நின்றார்கள். நெல்லையில் அவரைச் சுற்றி அமைந்த ஆய்வுக் குழுவில் படித்துக் காட்டி, விவாதித்து, ஏட்டில் ஏற்றினார்கள். திரட்டியது திரட்டிய இடத்தாருக்கே திரும்பி வந்தது. இன்றைய திட்டத்தில், பாடிய கிழவிக்குத் தன் குரல் எந்த நாட்டின் எந்தப் பேழையில் கிடக்கிறது என்பதும் தெரியாது. இன்னொன்று: பாடுகிறவர்களாக மட்டும் அடித்தள மக்களைப் பார்க்கும் கண்ணுக்கு, எழுதியவர்களாகவும் அச்சிட்டவர்களாகவும் அவர்கள் தென்படுவதில்லை.

நேற்று மாலை இவ்வூரில் ஓய்வுபெற்ற சுரங்கத் தோழர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தார். போனஸ் சீட்டுகள், அவர் தந்தைக்குச் சிலிக்கோசிஸ் இழப்பீடு தொடர்பாக வந்த காகிதங்கள், சங்கச் சந்தா ரசீதுகள், நம் வார இதழின் பழைய பிரதிகள் பதினைந்துக்குக் குறையாமல், அவற்றுக்கு நடுவே அட்டை கிழிந்த ஒரு சிறுநூல், சாம்பியன் ரீப் பதிப்பு. செங்கொடியும் தம்மச் சக்கரமும் ஒரே பெட்டிக்குள் சண்டையின்றி இருந்தன. நம் வரலாற்று நூல்களில்தான் அவற்றுக்குத் தனித்தனி அத்தியாயம். பாதி நூல்களில் இரண்டாவதற்கு அத்தியாயமே இல்லை.

"இதையெல்லாம் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"என் பேத்திக்குக் கன்னடம் நல்லா வரும், தோழர். இங்கிலீஷும் வரும். தமிழ் பேசுவா, படிக்க வராது. எனக்கு அப்புறம் இது வெறுங்காகிதம்தானே?" என்றார்.

அவர் பேத்தி கன்னடம் படிப்பதில் குறை கூற எதுவுமில்லை; அது அவள் பிறந்த மாநிலத்தின் மொழி, அவள் வேலையின் மொழி. தமிழ்வழிப் பள்ளிகள் குறைந்ததைப் பற்றிப் புலம்பி இங்கே கைதட்டல் வாங்கலாம். நான் அதற்கு வரவில்லை. ஒரு தலைமுறையின் ஏடுகளை அடுத்த தலைமுறை படிக்க இயலாது என்பது இன்று நம் முன் நிற்கும் உண்மை. வீடு விற்கப்படும்போது, அல்லது குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயரும்போது, இந்தப் பெட்டி பழைய பேப்பர்க் கடைக்குப் போகும். கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று எடைபோடுவார்கள்.

ஆகவே நான் கேட்பது ஆய்வுக் கட்டுரைகளை அன்று. அவற்றைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்; எழுத நம்மைவிடத் திறமையானவர்கள் வருவார்கள். முதலில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். ஆண்டர்சன்பேட்டையிலும் சாம்பியன் ரீபிலும் மாரிகுப்பத்திலும் ஊரிகத்திலும் கோரமண்டலிலும் ஒவ்வொரு கிளையும் தன் பகுதியின் பழைய வீடுகளுக்குப் போக வேண்டும். கட்சி வீடுகளுக்கு மட்டும் போகாதீர்கள். ரிபப்ளிகன் கட்சிக் குடும்பங்களுக்கும், பௌத்தக் குடும்பங்களுக்கும், மாதாகோயில் போகிறவர்களுக்கும் போக வேண்டும். அவர்கள் நம்மைச் சந்தேகத்தோடு பார்க்கலாம். அதற்கு அவர்களிடம் நியாயமும் இருக்கலாம். தாளை வீட்டை விட்டு எடுத்துவர வேண்டாம். எடுத்துப்போனவர்கள் திருப்பித் தரவில்லை என்னும் முறையீடு இவ்வூரில் நேற்று ஒரு நாளிலேயே மூன்று பேரிடம் கேட்டேன். அங்கேயே உட்கார்ந்து கைப்பேசியில் படமெடுத்து, பட்டியல் எழுதி, ஒரு நகலை அவர்களிடமே கொடுத்துவிட வேண்டும். எந்தத் தாளை வெளியில் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதை அவர்களே சொல்லட்டும். மருத்துவக் காகிதமும் கடன் பத்திரமும் ஊருக்குக் காட்டும் பொருள் அல்ல.

பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். பெட்டியில் காகிதம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். எந்த ஆண்டு எந்த வீட்டில் யார் சங்கு ஊதியதும் ஷாஃப்டு வாசலுக்கு ஓடினார்கள் என்பது பெண்களின் நினைவில் இருக்கிறது. சுரங்கத்தில் பாறை வெடித்தால் மேலே வீட்டுப் பாத்திரம் உருளும் என்பதை எந்தக் கம்பெனி அறிக்கையும் எனக்குச் சொல்லவில்லை. நேற்று அந்தத் தோழரின் துணைவியார் சொன்னார்.

மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. பட்டியல் கையில் வந்ததும், சாம்பியன் ரீப் சிறுநூல்களில் ஒன்றையாவது கன்னடத்தில் கொண்டுவர, கன்னடத் தோழர் ஒருவரோடு சேர்ந்து உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கன்னடம் படிக்க வரும், எழுத வராது. அவருக்குத் தமிழ் பேச வரும். பழந்தமிழ் நடை வராது. இருவருமாகச் சேர்ந்தால் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேறுவார். முதல் வாசகி அந்தப் பேத்தியாகவே இருக்கட்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.

நேற்றிரவு அந்தப் பெட்டியின் பட்டியலைப் பள்ளி நோட்டு ஒன்றில் எழுதி முடித்தபோது மணி பத்தாகிவிட்டது. நாற்பத்தொரு உருப்படிகள். அட்டை கிழிந்த சிறுநூல் எது என்பதை உள்ளே உள்ள பக்கங்களைக் கொண்டு அடையாளம் காண வேண்டியிருக்கிறது; தொகுதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அடுத்த தெருவில் இன்னொரு பெட்டி இருப்பதாக அவரே சொன்னார். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அங்கே போகிறோம். நல்ல கைப்பேசி உள்ள இளந்தோழர்கள் இருவர் வேண்டும். பெயர் கொடுங்கள்.